அச்சம் கற்றலும் அச்சம் தணிதலும்: பதற்றம் குறித்த உளவியல் ஆய்வுகளின் வரலாறு

முன்னுரை

உயிர்களின் உணர்வுகளுள் அச்சம் தொன்மையானது. தீங்கு நேரும்போது உடலை விழிப்படையச் செய்து உயிரைக் காப்பது அதன் பணி. தீங்கு இல்லாத இடத்திலும் அவ்வுணர்வு எழுந்து, எழுந்தபின் தணியாது நின்று, வெளியே செல்லுதல், பிறரோடு பேசுதல், தேர்வு எழுதுதல் முதலிய இயல்பான செயல்களையும் முடக்குமாயின் அது நோயாகிறது. பதற்ற நோய் என்று இன்று அழைக்கப்பெறும் இந்நிலை எவ்வாறு தோன்றுகிறது, ஏன் நீடிக்கிறது, எவ்வாறு தணிக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் உளவியல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் விடை தேடி வந்துள்ளது. அத்தேடலின் வரலாற்றை, 1920, 1924 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு குழந்தைகள் பற்றிய ஆய்வுகளைத் தொடக்கமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

அச்சம், பதற்றம் ஆகிய இரண்டையும் உளவியலார் வேறுபடுத்துவர். அச்சம் கண்முன் நிற்கும் ஒரு பொருளைப் பற்றியது. பதற்றம் இனி வரக்கூடியதைப் பற்றியது. அதன் பொருள் பல வேளைகளில் தெளிவற்றது. ஐரோப்பிய மொழிகளில் பதற்றத்தைக் குறிக்கும் சொற்கள் பல ‘இறுக்குதல்’, ‘நெருக்குதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தவை. ‘நெஞ்சை அடைக்கிறது’, ‘அடிவயிற்றைக் கலக்குகிறது’ என்னும் தமிழ் வழக்குகளும் உள்ளத்தின் நிலையை உடலின் வழியாகவே உரைக்கின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, தெய்வம், விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனை அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. இந்நான்கும் அஞ்சுவோருக்குப் புறத்தே நிற்பன என்பது கருதத்தக்கது. பொருளற்றுத் தோன்றும் பதற்றம் அங்குப் பேசப்படவில்லை. ஆகவே, இக்கால உளவியல் கண்ட அனைத்தையும் தொல்காப்பியர் முன்னரே கூறிவிட்டார் என்பது மிகைக்கூற்றாகவே முடியும். எனினும், உள்ளத்து நிகழ்வு உடலில் புலப்படுவதை அடிப்படையாகக் கொண்டு உணர்வுகளை வகைப்படுத்தும் நோக்கு தமிழ் மரபில் வேரூன்றியிருந்தது என்பதில் ஐயமில்லை. திருக்குறளின் பொருட்பாலில் அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரம் வகுக்கப்பட்டிருப்பதும், கற்றவரையும் அச்சம் செயலிழக்கச் செய்யும் என்னும் அறிவு பழமையானது என்பதைக் காட்டுகிறது.

ஆய்வகத்திற்கு முன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதற்றம் இதயநோயாகவும் நரம்புத் தளர்ச்சியாகவுமே மருத்துவர்களிடம் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்கள் சிலர் நெஞ்சுத்துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றால் வருந்தியதை ஜேக்கப் டா கோஸ்டா 1871இல் விரிவாகப் பதிவு செய்தார். அதே காலப்பகுதியில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால், திறந்த வெளிகளையும் சதுக்கங்களையும் கடக்க அஞ்சிய நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்நிலைக்குத் தனிப்பெயர் சூட்டினார். 1895இல் சிக்மண்ட் பிராய்டு, நரம்புத் தளர்ச்சி என்னும் பொதுப்பெயரிலிருந்து பதற்ற நரம்புநோயைப் பிரித்தெடுத்தார். அடக்கப்பட்ட உந்துதலே பதற்றமாக மாறுகிறது என்பது அவருடைய முதற்கொள்கை. 1926இல் அவர் அதனைத் திருத்தி, பதற்றம் உள்ளத்திற்கு விடுக்கப்படும் எச்சரிக்கை என்றும், அதன் விளைவாகவே அடக்குதல் நிகழ்கிறது என்றும் கூறினார். காரணமும் காரியமும் இடம் மாறிய இத்திருத்தம் பெரியது. ஆயினும் இதனைச் சோதனையால் மெய்ப்பிக்கும் வழி உளப்பகுப்பாய்வில் இல்லை. அவ்வழியைத் தேடியவர்கள் நடத்தைவாதிகள்.

பால்டிமோர், 1920: அஞ்சக் கற்ற குழந்தை

பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தக் கொள்கையை மனித உணர்வுகளுக்குப் பொருத்திக்காட்ட விரும்பிய ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்னும் இளம் ஆய்வாளருடன் சேர்ந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வை நிகழ்த்தினார். ‘ஆல்பர்ட்’ எனப் பெயரிடப்பட்ட அக்குழந்தை, ஏறத்தாழ 9 மாத வயதில் வெள்ளெலி, முயல், நாய் எதற்கும் அஞ்சவில்லை. 11ஆம் மாதத்தில், அக்குழந்தை வெள்ளெலியைத் தொட முயலும்போதெல்லாம் அதன் பின்னால் ஓர் எஃகுத் தண்டு சுத்தியலால் ஓங்கி அடிக்கப்பட்டது. ஏழு முறை இவ்வாறு இணைக்கப்பட்டபின், ஓசை இல்லாமலே எலியைக் கண்ட அளவில் குழந்தை அழுது விலகியது. அவ்வச்சம் முயல், நாய், மென்மயிர் மேலாடை ஆகியவற்றுக்கும் பரவியது.

அச்சம் கற்கப்படுவது என்பதை இவ்வாய்வு காட்டியது. ஆனால் கற்பித்த அச்சத்தை நீக்கும் முயற்சி நடைபெறவில்லை. குழந்தை மருத்துவமனையை விட்டு அழைத்துச் செல்லப்பட்டது. எவ்வாறு நீக்கியிருக்கலாம் என்பதற்கான சில வழிகளை மட்டுமே ஆய்வாளர்கள் தம் கட்டுரையில் குறித்தனர். ஒரே குழந்தை, ஒப்பீட்டுக் குழு இல்லாமை, அச்சத்தை அளக்கப் புறநிலையான அளவுகோல் இல்லாமை எனக் குறைகள் பல. இன்றைய ஆய்வு அறத்தின்படி இத்தகைய சோதனைக்கு இசைவு கிடைக்காது.

இவ்வாய்வின் பிற்கால வரலாறு பாடவேறுபாடுகளில் பயிற்சியுடைய தமிழாய்வாளர்க்கு வியப்பளிக்காது. 1979இல் பென் ஹாரிஸ் வெளியிட்ட கட்டுரை, இச்சோதனையை எடுத்துரைத்த பாடநூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதால் குழந்தையின் வயது, அஞ்சிய பொருள்கள் முதலியன திரிபடைந்தமையை வெளிப்படுத்தியது. சில நூல்கள் குழந்தையின் அச்சம் இறுதியில் நீக்கப்பட்டதாகவே எழுதியிருந்தன. நடந்திருக்க வேண்டியதை நடந்ததாக எழுதிய அத்திரிபு, ஆய்வின் அறக்குறையைப் படிப்போர் பார்வையிலிருந்து நெடுங்காலம் மறைத்தது.

நியூயார்க், 1924: அச்சம் நீங்கிய குழந்தை

வாட்சன் நிகழ்த்தாது விட்ட பகுதியை நிகழ்த்தியவர் மேரி கவர் ஜோன்ஸ். வாட்சனின் சொற்பொழிவைக் கேட்டு ஆர்வம் கொண்ட அவர், அவருடைய அறிவுரையுடன் நியூயார்க்கில் குழந்தைகளின் அச்சத்தை ஆராய்ந்தார். அவருடைய வினா எளியது: ஏற்கெனவே அஞ்சும் குழந்தையின் அச்சத்தை எம்முறை நீக்கும்?

அவர் பல முறைகளை ஒப்பிட்டார். அஞ்சும் பொருளை நெடுநாள் காட்டாதிருத்தல், பொருளைப் பற்றி இனிமையாகப் பேசி விளக்குதல், பிற குழந்தைகள் கேலி செய்ய விடுதல், கவனத்தை வேறு பக்கம் திருப்புதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். காட்டாதிருத்தலால் அச்சம் குறையவில்லை. பேச்சால் மட்டும் பயன் விளையவில்லை. கேலி அச்சத்தைக் குறைப்பதற்கு மாறாக வளர்ப்பதாகவே தோன்றியது. தெளிவான பயனளித்தவை இரண்டு: இனிய சூழலோடு அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக இணைத்தல், அஞ்சாத குழந்தைகளின் நடத்தையைக் கண்டு பின்பற்றச் செய்தல்.

இவ்விரு முறைகளும் பீட்டர் என்னும் 2 வயது 10 மாதக் குழந்தையிடம் கையாளப்பட்டன. முயலைக் கண்டு அலறிய பீட்டர், அஞ்சாத குழந்தைகளுடன் விளையாட விடப்பட்டான். பின்னர், அவன் விரும்பிய உணவை உண்ணும்போது கூண்டிலிட்ட முயல் அறையின் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் உண்பது தடைபடாத அளவுக்கு நாள்தோறும் அருகில் கொண்டுவரப்பட்டது. இறுதியில் முயல் தன் விரல்களைக் கடித்து விளையாடவும் அவன் அஞ்சாதிருந்தான்.

இடையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி பின்னாளில் பெரும் பொருளுடையதாயிற்று. செங்காய்ச்சலால் பீட்டர் ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். திரும்பும் வேளையில் பெரிய நாய் ஒன்று அவன்மேலும் உடன்வந்த செவிலியின்மேலும் பாய்ந்தது. செவிலியும் அஞ்சினார். பெற்ற முன்னேற்றம் அழிந்து, முயலச்சம் பழைய நிலைக்கே திரும்பியது. ஜோன்ஸ் இதனை மறைக்காது பதிவு செய்து, பணியை மீண்டும் தொடங்கினார். ஆயினும் அவருடைய கட்டுரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உரிய கவனம் பெறவில்லை. குழந்தைக்கு அச்சத்தை ஊட்டிய ஆய்வு எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெற, அதை நீக்கிய ஆய்வு மறக்கப்பட்டது. நடத்தைச் சிகிச்சை நிலைபெற்ற பின்னரே அவர் அதன் தாய் எனப் போற்றப்பட்டார்.

தவிர்ப்பு என்னும் சுழல்

அச்சம் கற்கப்படுமாயின், தீங்கு தொடராதபோது அது தானாக மறையவேண்டும். பாவ்லோவின் நாய்களிடம் உணவு தொடராதபோது உமிழ்நீர் சுரப்பது மறைந்தது. மனிதரிடம் அச்சம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது ஏன்? இதற்கு 1947இல் ஹோபர்ட் மௌரர் இரு காரணிக் கொள்கையால் விடையளித்தார். இணைப்பால் அச்சம் கற்கப்படுகிறது. அஞ்சியதைத் தவிர்க்கும்போது உண்டாகும் நிம்மதி, தவிர்ப்பைக் கற்பிக்கிறது. தவிர்ப்பவர், தாம் அஞ்சிய தீங்கு நேராது என்பதைக் கண்டறியும் வாய்ப்பை இழக்கிறார். பேருந்தில் ஒருமுறை மயங்கியவர் பேருந்தைத் தவிர்க்கிறார்; பின்னர்க் கடைத்தெருவைத் தவிர்க்கிறார்; முடிவில் வீட்டைவிட்டு வெளியேறுவதையே தவிர்க்கிறார். ஒவ்வொரு தவிர்ப்பும் அன்றைக்கு நிம்மதி தந்து, நோயை வளர்க்கிறது. பதற்றத்தின் விளைவுகளுள் மிகக் கொடியது இச்சுருக்கமே எனலாம்.

இக்கருத்தைச் சிகிச்சையாக வளர்த்தவர் தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்பே. இரண்டாம் உலகப்போரின்போது இராணுவ மருத்துவராக இருந்த அவர், போரால் உளநலம் குன்றிய வீரர்களுக்கு அக்கால முறைகள் போதிய பயன் தராமை கண்டார். பூனைகளிடம் ஆய்வு செய்து, அச்சத்திற்கு மாறான துலங்கல் ஒன்றை உடன்நிகழச் செய்தால் அச்சம் தணியும் என்று முடிவு கண்டார். நோயாளி முதலில் தசைகளைத் தளர்த்தப் பழகுவார். அஞ்சும் நிலைகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக மனத்தில் கற்பனை செய்வார். 1958இல் வெளிவந்த நூலில், 210 நோயாளிகளுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் குணமடைந்தனர் அல்லது பெரிதும் தேறினர் என வோல்பே கூறினார். மருத்துவரே மதிப்பிட்டதும், ஒப்பீட்டுக் குழு இல்லாததும் அக்கூற்றின் குறைகள்.

அக்குறையை நிறைவு செய்தது 1966இல் வெளிவந்த கோர்டன் பாலின் ஆய்வு. அவையில் பேச அஞ்சிய கல்லூரி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வோல்பேயின் முறையையும், உள்நோக்குச் சிகிச்சையையும், வெறும் கவனிப்பும் போலி மருந்தும் மட்டும் தரும் முறையையும் அவர் ஒப்பிட்டார். வோல்பேயின் முறையே மிகுந்த பயன் தந்தது. அதே ஆண்டில் இலண்டனில் விக்டர் மேயர், அழுக்குக்கு அஞ்சி ஓயாது கழுவுதல் போன்ற சடங்குகளில் சிக்கிய நோயாளிகளை, அஞ்சியதை எதிர்கொள்ளச் செய்து சடங்கைத் தடுக்கும் முறையால் தேற்றினார். தசைத் தளர்ச்சியும் கற்பனையும் இன்றியமையாதன அல்ல, எதிர்கொள்ளலே மருந்தின் சாரம் என்பது பிந்தைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

மருந்தும் வகைப்பாடும்

இதே காலத்தில் மருந்தியலும் வளர்ந்தது. லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டையாசிபாக்சைடு 1960இலும், டையாசிபாம் 1963இலும் விற்பனைக்கு வந்தன. விரைந்து பயன் தரும் இம்மருந்துகள் உலகெங்கும் பரவின. நெடுநாள் உட்கொள்வோர் அவற்றைச் சார்ந்து வாழ நேர்வதும், நிறுத்தும்போது பதற்றம் மீள்வதும் 1980களின் தொடக்கத்தில் உறுதிப்பட்டன. அதன்பின் மனச்சோர்வுக்கான மருந்துகளே பதற்றத்திற்கும் முதன்மை மருந்துகளாயின.

இம்மாற்றத்திற்கு வித்திட்டவர் டொனால்டு கிளைன். 1960களின் தொடக்கத்தில் அவர் இமிப்பிரமின் என்னும் மருந்தைப் பதற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தார். நோயாளிகள் தமக்குப் பயனில்லை என்றே கூறினர். ஆனால் சாகப்போவதாக அஞ்சிச் செவிலியரிடம் ஓடிவருவதை அவர்கள் நிறுத்தியிருந்தனர். திடீர்ப் பீதி தணிந்தும், அது மீண்டும் வருமோ என்னும் பதற்றமும் தவிர்ப்பும் நீங்கவில்லை. எனவே இவை வேறு வேறு என்று கிளைன் கருதினார். அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, பீதி நோயையும் பொதுப் பதற்ற நோயையும் தனித்தனியே பிரித்தது. 2013இன் ஐந்தாம் பதிப்பு, எண்ணச்சுழற்சி நோயையும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோயையும் பதற்ற நோய்த் தொகுதியிலிருந்து விலக்கித் தனி இயல்களில் வைத்தது.

எண்ணமும் கவனமும்

அஞ்சுவோர் என்ன எண்ணுகின்றனர் என்பதை நடத்தைவாதம் பொருட்படுத்தவில்லை. ஆரோன் பெக் 1976இல் வெளியிட்ட நூல், தீங்கின் அளவை மிகுத்தும் தம் ஆற்றலைக் குறைத்தும் மதிப்பிடும் எண்ணமே பதற்றத்தின் உள்ளீடு என வாதிட்டது. 1986இல் டேவிட் கிளார்க் இதனைப் பீதி நோய்க்குப் பொருத்தினார். நெஞ்சு சற்றே படபடக்கிறது; ‘மாரடைப்பு’ என்று மனம் பொருள் கொள்கிறது; அவ்வச்சத்தால் படபடப்பு மிகுகிறது; மிகுந்த படபடப்பு முன்னைய பொருளை உறுதிப்படுத்துகிறது. நோயாளி விரைந்து மூச்சுவிட்டோ படியேறியோ அதே உடல்மாற்றங்களை வேண்டுமென்றே வரவழைத்து, அவை தீங்கற்றவை என்று தாமே கண்டறிவது இச்சிகிச்சையின் ஒரு பகுதி. சொல்லால் தெளிவித்தல் மட்டும் போதாது, செய்து காணவேண்டும் என்பதில் இது ஜோன்ஸின் முடிவோடு ஒத்துச் செல்கிறது.

பதற்றம் அறிவாற்றலைத் தாக்கும் முறையும் இக்காலத்தே ஆராயப்பட்டது. 1952இல் மாண்ட்லரும் சாரசனும் தேர்வுப் பதற்றத்தைத் தனி ஆய்வுப்பொருளாக்கினர். 1967இல் லீபர்ட்டும் மாரிசும் அதனைக் கவலையெண்ணம், உடற்கிளர்ச்சி என இரண்டாகப் பகுத்தனர். கை வியர்ப்பதும் நெஞ்சு துடிப்பதும் தேர்வைப் பெரிதும் கெடுப்பதில்லை. ‘தோற்றுவிடுவேனோ’ என்று ஓடும் எண்ணமே, விடை காணப் பயன்படவேண்டிய நினைவாற்றலைப் பறிக்கிறது. பதற்றமுடையோரின் கவனம் நடுநிலையான சொற்களைவிட அச்சுறுத்தும் சொற்களின்பால் விரைந்து செல்வதை 1986இல் மெக்லியோடும் உடனாய்வாளரும் காட்டினர். பதற்றமுடைய மாணவரைச் சோம்பலுடையவர் என்றோ அறிவுக்குறையுடையவர் என்றோ கருதுவது தவறு என்பது இவ்வாய்வுகளால் பெறப்படும்.

அழியாத அச்சம்

சிகிச்சையால் தணிந்த அச்சம் சிலரிடம் ஏன் மீள்கிறது? மார்க் பௌட்டன் விலங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. அச்சம் மறைவது பழைய கல்வி அழிவதால் அன்று. ‘இது தீங்கற்றது’ என்னும் புதிய கல்வி பழையதன்மேல் படிகிறது; அது தான் கற்ற இடத்தோடும் சூழலோடும் பிணைந்தது. இடம் மாறினாலும், காலம் கடந்தாலும், எதிர்பாராத் தீங்கு ஒன்று நேர்ந்தாலும் பழைய அச்சம் மேலெழும். நாய் பாய்ந்தபின் பீட்டருக்கு முயலச்சம் மீண்டதன் காரணம் இதனால் விளங்குகிறது. இவ்வறிவின் அடிப்படையில் மிஷெல் கிராஸ்கேயும் உடனாய்வாளரும், எதிர்கொள்ளலைப் பல இடங்களிலும் பல வடிவங்களிலும் பயிலச் செய்யவேண்டும் என வலியுறுத்தினர். அச்சம் மீள்வது நோயாளியின் தோல்வியன்று, கற்றலின் இயல்பு என்னும் கருத்து சிகிச்சைக்கே புதிய பொறுமையைத் தந்தது.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இத்துறை மேலைமுறைகளைப் பின்பற்றியதோடு நின்றுவிடவில்லை. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் என்.எஸ். வாகியாவும் குழுவினரும் பதஞ்சலியின் யோகக் கருத்துகளை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சையை நரம்புநோயாளிகளிடம் ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்து, 1973இல் முடிவுகளை வெளியிட்டனர். மரபைப் போற்றுவதோடு அமையாமல் அதனைச் சோதனைக்கு உட்படுத்திய முன்னோடி முயற்சி அது. கோவாவில் விக்ரம் பட்டேலும் குழுவினரும், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் உதவ முடியும் என்பதை 2010இல் வெளிவந்த ஆய்வில் காட்டினர்.

தேவையின் அளவோ பெரிது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம் முதலிய பொதுவான மனநோய்களை உடையோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்று காட்டியது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று.

இவ்விடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். மொழியும் ஒரு காரணம். தமிழகத்தில் பதற்றம், பதட்டம், மனக்கலக்கம் எனவும், ஈழத்து மருத்துவ நூல்களில் பதகளிப்பு எனவும் இந்நிலை குறிக்கப்படுகிறது. நோயாளியோ இவற்றுள் எதனையும் கூறுவதில்லை. படபடப்பு, மயக்கம், வயிற்றுக்கலக்கம் என்றே கூறி, இதய மருத்துவரையும் வயிற்று மருத்துவரையும் நாடுகிறார். மக்கள் வழக்கிலுள்ள உடல்சார் சொற்களையும் துறைச்சொற்களையும் இணைக்கும் அகராதிப் பணி தமிழாய்வாளர் செய்யத்தக்கதும் செய்யவேண்டியதும் ஆகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அச்சம் கற்கப்படுவது, தவிர்ப்பால் நிலைபெறுவது, எதிர்கொள்ளலால் தணிவது, முற்றாக அழியாதது. மருந்து துணை செய்யும். ஆயின் தவிர்ப்பு நீங்கப் பயிற்சி வேண்டும். நூறாண்டுக்கு முன் ஜோன்ஸ் பயனற்றவை எனக் கண்ட மூன்று முறைகள், அஞ்சுவதை மறைத்துவைத்தல், அறிவுரை மட்டும் கூறுதல், கேலி செய்தல் ஆகியன. வீட்டிலும் வகுப்பறையிலும் அஞ்சும் குழந்தைக்கு இன்றும் முதலில் கிடைப்பவை இம்மூன்றே. பயன் தந்தவை அருகில் ஓர் அஞ்சாத துணையும், குழந்தையின் ஆற்றலுக்கு ஏற்ற சிறு சிறு அடிகளும். ஆல்பர்ட்டின் அச்சத்தை நீக்காது விட்டது ஓர் ஆய்வின் குறை. நீக்கும் வழி அறிந்தபின்னும் நீக்காது விடுவது ஒரு சமூகத்தின் குறையாகும்.